தூங்குமூஞ்சி மரத்துக் காளான்

காளான்தாம்மா. பூ இல்ல. முதத்தடவ பாக்குதவங்க எல்லாரும் பூன்னுதான் சொல்லுவாவ. இந்தாங்க, போனைக் கையில வாங்கிப் பாருங்க, எட்டி எட்டிப் பாத்தா கழுத்து வலிக்கும். ரெண்டு விரல வச்சு விரிங்க. ஓரத்துல முத்து முத்தா தண்ணி நிக்கில்லா, அது மழைத்தண்ணி இல்ல. காளானே விடுதது. அது நாலஞ்சு நாளைக்குத்தான் விடும். அதை எடுக்க முக்கா மணி நேரம் முட்டி போட்டுக் கெடந்தேன்.

நல்லாருக்குல்லா?

போதும், குடுங்க. அடுத்த படத்துக்குப் போவ வேண்டாம்.

திருநெல்வேலி வரைக்குமா போறீங்க? அப்ப சரி. ஆலங்குளத்துல எறங்குத ஆளுன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். இதைப் பாதியில விட முடியாது. நான் மெதுவாத்தான் பேசுவேன், கொஞ்சம் சாஞ்சு கேட்டுக்கிடுங்க. அதுக்குக் காரணம் இருக்கு.

என் பேரு சிதம்பரவடிவு. வடிவும்பாவ. மேலச்சுனையில பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல்ல லேப் அசிஸ்டெண்டு. ஊருல எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவாவ. நானும் இல்லன்னு சொல்லுததில்ல, எத்தனை பேர்ட்டச் சொல்ல. அஞ்சாறு வருஷமா எனக்கு இந்தக் காளான் கிறுக்கு. சாரல் விழ ஆரம்பிச்சுட்டா காலையில ஆறு மணிக்கு போனை எடுத்துட்டுக் கெளம்பிருவேன். இந்த போன்ல மாட்டுத சின்ன லென்ஸ் ஒண்ணு உண்டு, எறும்பு மீசை கூடத் தெரியும். எனக்குத் தரையில முளைக்குதது வேண்டாம். மரக்கட்டையில வருததுதான் வேணும். மக்குன கட்டை, விழுந்த கிளை, வெட்டிப்போட்ட அடித்தூர், இதுல வருதது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. காது மாதிரி, விசிறி மாதிரி, சட்டைப் பொத்தான் மாதிரி.

இதுக்குன்னு வாட்ஸப்புல ஒரு குரூப்பு இருக்கு. இருநூறு பேரு. பேராசிரியர், இன்ஜினியர்னு பெரிய பெரிய ஆளுங்க. அதுல நான் ஒரு படம் போட்டா, 'மேடம், அருமை'ம்பாவ. ஸ்கூல்ல பீக்கர் கழுவுத எனக்கு அங்கன மேடம்னு பேரு. அது உங்களுக்குச் சின்ன விஷயமாத் தெரியலாம்.

அந்தக் குரூப்புல ஒரு டாக்டர் உண்டு. அருமைநாயகம்னு பேரு, மதுரையில பல் டாக்டர். அவராலதான் பாதி வினை. போன வருஷம் ஒரு ஓடைக்கரையில நீலக் காளான் ஒண்ணு பாத்துட்டு, வெகுளியா எடத்தைச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நான் போறதுக்குள்ள கார் போட்டு வந்து, பெரிய கேமராவுல எடுத்துப் போட்டுட்டாரு. எல்லாரும் அவரைத்தான் புகழ்ந்தாவ. அன்னையில இருந்து எடத்தை யார்ட்டயும் சொல்லுததில்லன்னு முடிவு பண்ணுனேன். தப்பா? சொல்லுங்க, தப்பா?

இந்த வருஷம் ஜூன் கடைசியில, எங்க ஸ்கூல் காம்பவுண்டை ஒட்டி ரோட்டோரமா நிக்கித தூங்குமூஞ்சி மரத்துல இதைப் பாத்தேன். பெரிய மரம், நாலு பேரு கை கோத்தாத்தான் கட்டிப் பிடிக்கலாம். ரோட்டுப் பக்கம் நல்ல நெழலு. பின்னால சுவருக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சு நுழையுத எடம். அங்கன இடுப்பு உசரத்துல, எப்பவோ கிளை வெட்டுன தழும்புக்குக் கீழ, முட்டை மஞ்சக்கரு அளவுக்கு ஒண்ணு பிதுங்கி நின்னுது. மூணே நாள்ல அது தட்டா விரிஞ்சுது. பத்து நாள்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஆறு தட்டு. மாம்பழ மஞ்சள். நான் அப்படி ஒண்ணை நேர்ல பாத்ததே இல்ல.

மரத்துக்கு முன்னால, நெழல்ல, ஒரு தேய்ப்பு வண்டி. சங்கிலியண்ணனும் அவரு பொண்டாட்டி உலகம்மாளும். பன்னெண்டு வருஷமா அங்கனதான் துணி தேய்க்காவ. எங்க ஸ்கூல் டீச்சர்மாரு சேலை பூரா அங்கதான். சங்கிலியண்ணன் கரிப்பெட்டியை எடுத்தா ஒரு சட்டைக்கு ரெண்டு நிமிஷம். வலது கையால தேய்ச்சுக்கிட்டே இடது கையால அடுத்த துணிக்குத் தண்ணி தெளிப்பாரு.

உலகம்மா எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தா. அந்தச் சந்துல வெளிச்சம் பத்தாது பாத்துக்கிடுங்க. ஒருநா நான் தவிக்கிததைப் பாத்துட்டு, தேய்ச்ச வெள்ளை வேட்டி ஒண்ணை விரிச்சுப் பிடிச்சா. ரோட்டு வெளிச்சம் அதுல பட்டு அப்படியே காளான் மேல விழுந்துது. அதுக்கப்புறம் தினமும் காலையில நான் போனா, அவளே ஒரு வேட்டியை எடுத்துக்கிட்டு வந்துருவா. 'இன்னைக்கு ஒரு தட்டு கூடிருக்கு டீச்சர்'னு என்னைய விட அவதான் சந்தோஷப்படுவா. ஆடு மேஞ்சிராம ஒரு பழைய சாக்கைக் கூடக் கட்டித் தொங்கவிட்டா.

ஒருநா கேட்டா. வேட்டியைப் பிடிச்சுக்கிட்டே கேட்டா. "டீச்சர், இது மரத்துக்கு ஏதும் சீக்கா? எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு, உள்ள உளுத்துப் போனாத்தான் இப்படி வரும்னு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியை மாத்திருவோமாங்காரு. அங்கன நெழலு கெடையாது. நீங்க படிச்சவுக, என்ன சொல்லுதீங்க?"

நான் போன்ல இருந்து கண்ணை எடுக்கல. "ஒண்ணுமில்ல உலகம்மா. சாரலுக்கு முளைக்கும், சாரல் போனா போயிரும்"னு சொன்னேன்.

இதுல பொய் என்ன இருக்கு? சாரலுக்குத்தானே முளைச்சுது.

சரி. உங்ககிட்டச் சொல்லுததுக்கென்ன. இந்தக் காளான் உசுருள்ள கட்டையில தங்காது. உள்ள செத்துப்போன கட்டையத் தின்னுதான் வளரும். வெளிய பட்டை இருக்கும், இலை பச்சையா இருக்கும், நடுவுல பஞ்சாப் போயிருக்கும். ஒரு தட்டுன்னா கொஞ்சம். ஆறு தட்டுன்னா உள்ள ஒண்ணும் மிச்சமில்லன்னு அர்த்தம். எனக்கு அது தெரியும். குரூப்புல படத்தைப் போடையில நானே எழுதிருக்கேன், 'பச்சை மரத்துக்குள் செத்த கட்டை'ன்னு. எழுபது பேரு பாராட்டுனாவ.

அந்த டாக்டர் மட்டும் பாராட்டல. "மேடம், இது ரோட்டோர மரமா? கீழே ஆள் நடமாட்டம் உண்டா? இருந்தா உடனே பேரூராட்சியில சொல்லிருங்க. இது விழுத மரம்"னு எழுதுனாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எடத்தைப் பிடுங்கப் பாக்காருன்னுதான் தோணிச்சு. "காட்டுக்குள்ள இருக்கு டாக்டர், ஆள் போற எடமில்ல"ன்னு பதில் போட்டேன். தனியா போன் பண்ணுனாரு. எடுக்கல. ரெண்டு தடவ பண்ணுனாரு. எடுக்கல.

பேரூராட்சியில சொல்லணும்னு நெனைக்காம இல்லம்மா. நெனைச்சேன். சொன்னா மறுநாளே ஆள் வந்து முதல்ல காளானைத்தான் சுரண்டி எறிவாவ. ஏழாவது தட்டு வேற அடியில பிதுங்கிட்டிருந்துது. அது விரியட்டும், அதை எடுத்துட்டுச் சொல்லிருவோம்னு இருந்தேன். ஒரு வாரம். ஒரு வாரத்துல என்ன ஆயிரும்? அத்தனை வருஷம் நின்ன மரம்.

ஆடி பொறந்து காத்து கெளம்பிருச்சு. ஒரு வியாழக்கிழமை. காலையில நான் போவும்போது உலகம்மா இல்ல, தேய்ச்ச துணியக் குடுக்கப் போயிருந்தா. நான் மட்டும் சந்துக்குள்ள நுழைஞ்சேன். ஏழாவது தட்டு விரிஞ்சிருந்துது. எடுத்தேன். எந்திரிக்கும்போது கால்ல என்னமோ தட்டுச்சு. குனிஞ்சு பாத்தா, வேருக்கும் சுவருக்கும் நடுவுல மண்ணு வெடிச்சு, விரல் நுழையுத அளவுக்கு வாய் பொளந்து கெடக்கு. காத்து அடிக்கையில அது கொஞ்சம் தொறக்கு, காத்து நின்னா மூடுது. மூச்சு விடுத மாதிரி. அதையும் ஒரு படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க. கையில போன் இருந்துது.

வெளிய வந்தா சங்கிலியண்ணன் கரிப்பெட்டியில கங்கைப் போட்டு விசிறிக்கிட்டு நிக்காரு. "என்ன டீச்சர், ஏழு ஆயிருச்சா?"ன்னாரு. ஆயிருச்சுண்ணேன்னேன். ஸ்கூல்ல பெல் அடிச்சுட்டாவ. சாயங்காலம் சொல்லிருவோம், நாலரைக்குப் பேரூராட்சியில ஆள் இருக்கும்னு நெனைச்சுக்கிட்டே உள்ள போயிட்டேன்.

மூணாவது பீரியடு. லேப் ஜன்னல் எல்லாம் டமார் டமார்னு அடிச்சுது. பிள்ளைங்க பேப்பரைப் பிடிக்க ஓடுதுங்க. எனக்கு அந்த மண்ணு வாயைத் தொறந்து தொறந்து மூடுனதுதான் கண்ணுல நிக்கி. ஹெச்.எம்.கிட்டத் தலைவலின்னு சொல்லிட்டு ஓடுனேன். செருப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியல.

மரம் நின்னுது. அவரு சட்டை தேய்ச்சுக்கிட்டிருந்தாரு. வேற யாரும் இல்ல.

இதுல இருந்து நல்லாக் கேளுங்க. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கூப்பிட்டேன். "சங்கிலியண்ணே, இங்க வாங்க."

"என்ன டீச்சர்?"

"ஹெச்.எம். கூப்பிடுதாவ. ஸ்டேஜுக்கு ஒரு திரைச்சீலை தேய்க்கணுமாம். வாங்க."

"இந்தக் காலரு மட்டும் முடிச்சுட்டு வாரேன். பெட்டி சூடாயிட்டு."

"இப்பவே வரச்சொன்னாவண்ணே. பெட்டியை வச்சுட்டு வாங்க."

சிரிச்சாரு. "திரைச்சீலை எங்கயும் ஓடிராது டீச்சர்."

மரம் விழப்போவுதுன்னு ஒரு வார்த்தை. ஒரு மூச்சுல சொல்லிருக்கலாம். நீங்க மனசுக்குள்ள கேக்கது எனக்குத் தெரியுது. அதைச் சொன்னா அடுத்து அவரு என்ன கேப்பாரு? உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு. எத்தனை நாளாத் தெரியும்னு கேப்பாரு. அதனாலதான் திரைச்சீலைன்னேன். எப்படியும் அவரைக் கெளப்பிரணும்னுதானே சொன்னேன். அந்த எண்ணம் நல்ல எண்ணம்தானே.

பெட்டியைத் தூக்கி ஓரமா வைக்கப் போனாரு. சத்தம் பெருசா ஒண்ணும் இல்ல. துணி கிழியுத மாதிரி ஒண்ணு. அவரு மரத்தைப் பாக்கல. என்னையத்தான் பாத்தாரு, ஏன் இவ மூஞ்சி இப்படிப் போவுதுன்னு. அப்புறம் அந்த எடத்துல இலைதான் இருந்துது.

உசுரு இருந்துது. கிளை வண்டி மேல விழுந்து, வண்டி அவரு மேல சரிஞ்சு, கைமேல கரிப்பெட்டி. வலது கை. முழங்கைக்கு மேல எடுத்துட்டாவ. இருபத்தி மூணு நாளா திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில கெடக்காரு.

தண்ணி இருக்காம்மா? ஒரு வாய் குடுங்க.

ஊருல என்ன பேசுனாவ தெரியுமா? டீச்சர் ஓடி வந்து கூப்பிட்டாவ, அவரு ஒரு எட்டு நகந்ததாலதான் தலை தப்பிச்சுதுன்னு. ஆஸ்பத்திரியில அவரே அப்படித்தான் சொல்லிருக்காரு, கண்ணு முழிச்சதும். உலகம்மா என் வீட்டுக்கு வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, 'அம்மன் மாதிரி வந்தீங்க டீச்சர்'னு அழுதா. நான் என்ன செய்ய? இல்லன்னு சொல்லத் தெம்பு இல்ல. வீட்டுல இருந்த பழத்தை எடுத்துக் குடுத்து அனுப்புனேன்.

அதோட முடிஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும். பேரூராட்சியில ஒரு ரிப்போர்ட்டு எழுதிட்டாவ. மரம் நல்ல மரம்தானாம். இவங்க பன்னெண்டு வருஷமா அடித்தூருல கங்கு கொட்டிக் கொட்டி வேரு கருகி விழுந்துட்டாம். வண்டி வைக்க இனி அனுமதி கெடையாது, மரத்தை அழிச்சதுக்குக் கேஸ் வேற. கையையும் குடுத்துட்டு, குத்தவாளியாவும் நிக்கணும். உலகம்மா ஒருநாளும் அங்கன கங்கு கொட்டுனதில்ல. வாளியில அள்ளி எதுத்தாப்புல ஓடையிலதான் கொட்டுவா. நானே பாத்திருக்கேன்.

அவ மறுபடியும் வந்தா. "டீச்சர், நீங்க தினமும் படம் எடுத்தீங்கள்லா. அதுல மரத்தடி தெரியும்லா. அதைக் காட்டுனா எங்க மேல பழி இல்லன்னு ஆயிரும்னு ஒரு வக்கீலு சொல்லுதாரு. நீங்க ஒருநா வந்து காட்டுனாப் போதும்."

ரெண்டு ராத்திரி நான் உறங்கல. படத்தைக் காட்டுனா அவ தப்பிப்பா, சரி. ஆனா ஒவ்வொரு படத்துலயும் தேதி இருக்கு. அப்புறம் ஒரு வழி தோணிச்சு. கடைசி நாலு நாள் படம் மட்டும் போதுமே. அதுலயே மரத்தடி சுத்தமா இருக்கது தெரியுது. அதைத் தனியா எடுத்து வச்சேன். மிச்சத்தை அழிக்கணும்னு உக்காந்தேன். முதப் படத்துல விரலை வச்சேன், அந்த மஞ்சக்கரு மாதிரி இருந்த படம். அழிக்க மனசு வரல. அத்தனை அழகும்மா அது. அதான் நான் பண்ணுன முட்டாத்தனம்.

இன்னைக்குக் காலையில விசாரணை. ஒரு பொம்பள ஆபீசர், நிதானமான அம்மா. பேரூராட்சி ஆள் ஒருத்தரு, நானு, உலகம்மா. நான் நாலு படத்தையும் காட்டுனேன். அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தாவ. "அடிமரத்துல கரி இல்லையே"ன்னாவ. எனக்கு அப்பாடான்னு இருந்துது. போனைக் கேட்டுக் கையை நீட்டுதேன், அந்தம்மா குடுக்காம அப்படியே தள்ளித் தள்ளிப் பாக்க ஆரம்பிச்சுட்டாவ. நாலு படத்தோட நிக்கல. ஜூலை. ஜூன்.

"இது மரம் விழுததுக்கு மூணு வாரத்துக்கு முந்தி எடுத்ததும்மா"ன்னாவ. ஒரு படத்துல நின்னுட்டாவ. "ஓரத்துல வெள்ளையா என்ன இது? யாரோ துணியப் பிடிச்சுட்டு நிக்காங்களே."

உலகம்மா சந்தோஷமாச் சொன்னா. "அது நான்தாம்மா. வெளிச்சத்துக்கு வேட்டி பிடிச்சேன்."

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டுனாவ. "அப்ப உங்களுக்கும் தெரியும். மரம் உளுத்திருக்குன்னு தெரிஞ்சும் அதுக்கடியிலயே வண்டியப் போட்டு வச்சிருக்கீங்க."

பேரூராட்சி ஆளு உடனே நிமுந்து உக்காந்துட்டான். "அதைத்தான் மேடம் நாங்களும் சொல்லுதோம். இவங்க அஜாக்கிரதைதான்."

உலகம்மாளுக்கு ஒண்ணும் புரியல. என்னையப் பாக்கா. நீங்க சொல்லுங்க டீச்சர்ங்குத மாதிரி பாக்கா. அவளுக்கு அப்பவும் என் மேல சந்தேகம் வரல. அதுதான் என்னால தாங்க முடியல.

"அவளுக்குத் தெரியாது மேடம்"னேன். "அவ கேட்டா. நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். வண்டியை மாத்தணும்னு அவங்க நெனைச்சாவ. நான் சொன்னதாலதான் மாத்தல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முத நாள்ல இருந்து."

அந்தம்மா அதை எழுதுனாவ. எழுதுத சத்தம் கேட்டுது. கையெழுத்துப் போடச் சொன்னாவ, போட்டேன். உலகம்மா மேல பழி இல்லன்னு ஆயிட்டு. நான்தானே அவளைக் காப்பாத்துனேன் அந்த ரூமுல? நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா? எனக்கு இனி ஸ்கூல்ல என்ன ஆவும்னு தெரியாது. அதெல்லாம் யோசிக்காமத்தான் சொன்னேன். இத்தனைக்கும் அவ ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லலம்மா. எனக்கு அதுல வருத்தம் உண்டு.

வெளிய வராந்தாவுல வந்து சுவத்துல சாஞ்சு நின்னா. அழுவான்னு நெனைச்சேன், திட்டுவான்னு நெனைச்சேன். கன்னத்துல ஒண்ணு குடுத்தாக் கூட வாங்கிக்கிடுவோம்னு பக்கத்துல போயி நின்னேன். என் மூஞ்சியைப் பாக்காமச் சொன்னா.

"அவரு ஒங்களை சாமிங்காரு. வார்டுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்காரு. இதை நான் போயி அவருகிட்டச் சொல்ல முடியாது. நீங்களே வந்து சொல்லுங்க. நாலு மணிக்கு உள்ள விடுவாவ. ஒண்ணேகாலுக்கு பஸ் இருக்கு."

அவ்வளவுதான். டீச்சர்ங்குத வார்த்தை கூட இல்ல.

அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை, மடியில தூக்குவாளி. அதான் உலகம்மா. மேலச்சுனையில ஏறுனதுல இருந்து திரும்பிப் பாக்கல. அவளுக்கு மட்டும்தான் டிக்கெட்டு எடுத்தா. நான் ஏறுனேனா, நடுவுல எறங்கி ஓடிட்டேனான்னு கூடப் பாக்கல. ஆலங்குளத்துல பஸ்ஸு பத்து நிமிஷம் நின்னுதுல்லா, நான் பையை எடுத்துட்டுப் படி வரைக்கும் போனேன். நீங்க பாத்தீங்க. டீ குடிக்கப் போறேன்னு நெனைச்சிருப்பீங்க.

இந்த ரெண்டு மணி நேரமா என்ன சொல்லணும்னுதான் யோசிச்சுட்டு வாரேன். சாரல்ல இருந்து ஆரம்பிக்கணுமா, டாக்டர்ல இருந்து ஆரம்பிக்கணுமா. அந்த டாக்டர் என் எடத்தைப் பிடுங்குன கதையைச் சொன்னா சங்கிலியண்ணனுக்குப் புரியுமா? நீங்க கேட்டீங்களே, உங்களுக்குப் புரிஞ்சுதா? சரி, விடுங்க.

பேட்டை தாண்டிருச்சு போல. கண்டக்டர் விசில் ஊதுதான். ஆஸ்பத்திரிக்கு ஜங்ஷன்ல எறங்கி வேற பஸ்ஸு பிடிக்கணும்லா?

எந்திரிச்சுட்டா.

இங்க திரும்புதா. பாக்கா.

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கம்மா. நான் எறங்கணும்.